நான் வளர்க்காத விரியன்

பாம்பு வளர்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன். சாதாரணப் பாம்பு இல்லை. விஷப் பாம்பு. கடித்தால் ஆம்புலன்ஸ்காரர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கதை முடிந்துவிடும் என்கிற ரகம்.

இதைப் படித்துவிட்டு என்னைத் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். மண்புழுவைப் பார்த்தாலே தூண்டிலைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் நான். சுற்றிலும் கால்வாயாக இருக்கிற எங்கள் ஊரில் மீன் பிடிக்காத ஒரே ஆண்பிள்ளை நான்தான். பாம்பு யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியது பின்னறை.

தீவுக்குப் போகிற படகில் டிக்கெட் பரிசோதகராகக் காலமெல்லாம் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றதும் உட்காரலாம் என்று நினைத்தேன். முதல் நாள் காலை கூடத்தில் உட்கார்ந்தேன். "ஓக்கோ, காலைத் தூக்கு" என்றாள் என் மனைவி ஃபென்னா. துடைப்பம் வந்தது. சமையலறைக்குப் போனேன். அங்கேயும் காலைத் தூக்கச் சொன்னாள். மத்தியானத்துக்குள் வீட்டில் நான் கால் தூக்காத இடமே பாக்கியில்லை. படகிலாவது கால் தரையில் இருந்தது.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் ஒளிந்துகொள்ள நிலவறை இருக்கும். எங்கள் ஊரில் தரையைத் தோண்டினால் தண்ணீர்தான் வரும். எங்கள் வீட்டில் உபரியாக இருப்பது ஒரே ஒரு அறை. முன்காலத்தில் யாரோ பசு கட்டிய பின்னறை. அதில் என் பழைய சோபாவைப் போட்டு, ரேடியோவில் கால்பந்து வர்ணனை கேட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு பெட்டி பீரை வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வாழ்க்கையில் நான் கேட்டது அவ்வளவுதான்.

கேட்டேன். டீ நேரத்தில்தான் கேட்டேன்.

"எனக்கும் அந்த அறை வேணும்" என்றாள் ஃபென்னா.

"உனக்கு எதுக்கு?"

"உள்ளே போய்க் கதவைச் சாத்திக்க."

"வீடு பூரா உன்னுதுதானே?"

"அதான். வீடு பூரா நீ இருக்கியே."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் டீ போதும் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டால் போதும் என்று அர்த்தம். போடாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எங்கள் வீட்டில் சண்டைக்கும் அதே விதிதான். முதலில் கரண்டி போட்டவர் தோற்றவர். கல்யாணமான நாளிலிருந்து ஃபென்னா ஒருமுறைகூட முதலில் கரண்டி போட்டதில்லை. அவளுக்கு எவ்வளவு டீ வேண்டுமானாலும் உள்ளே போகும். எனக்கு அன்றைக்கும் வயிறு வெடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

பேசி ஜெயிக்க முடியாது. பயமுறுத்தித்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் ஃபென்னா எதற்குப் பயப்படுவாள்? தபால் துறையில் சைக்கிள் மிதித்தவள். அவளைக் கடித்த நாய்கள் எல்லாம் பிறகு அவளைக் கண்டால் கொட்டிலுக்குள் போய்விடும். வாத்து, புயல், மேலதிகாரி எதற்கும் அசையாதவள்.

வழி காட்டியது பக்கத்து வீட்டு ஹார்ம். "யோவ் ஓக்கோ, என் மச்சானோட ஃபிரெண்டு ஒருத்தன் விஷப் பாம்பு வளக்கிறான். அவன் மாமியார்கூட அந்த அறைப் பக்கம் எட்டிப் பாக்கிறதில்லையாம்" என்றான்.

எனக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. நூலகத்துக்குப் போய் விஷப் பாம்புகளைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எடுத்துவந்தேன். படித்தேன். படம் போட்ட பக்கம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, படத்தின் மேல் ஒரு மஞ்சள் காகிதத்தை ஒட்டிவிட்டுப் பிறகு படித்தேன். தேடியது கிடைத்துவிட்டது. அன்றைக்கே டீ மேஜையில் அறிவித்தேன்.

"ஃபென்னா, நான் பாம்பு வளக்கப் போறேன்."

டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"சரி."

"விஷப் பாம்பு."

"சரி."

"கடிச்சா செத்துருவோம்!"

"யாரு, பாம்பா?"

"நாம! நாமதான் சாவோம்!"

"கத்தாதே. எங்க வைக்கப் போற?"

"பின்னறையிலதான். வேற எங்க? அந்த அறைக்குள்ள வளக்கிறவரைத் தவிர வேற யாரும் போகக் கூடாது. சட்டம்."

"சட்டமா?"

"சட்டம்."

அவள் என் புத்தகத்தை இழுத்துப் புரட்டினாள். "இது என்ன, புத்தகம் பூரா மஞ்சள் காகிதம்?"

"முக்கியமான இடமெல்லாம் குறிச்சு வச்சிருக்கேன்."

"படத்து மேலேயே ஒட்டியிருக்கே?"

"படம் ரொம்ப முக்கியம்."

ஃபென்னா என்னைப் பார்த்தாள். நான் சர்க்கரைக் கட்டியைப் பார்த்தேன்.

"என்ன பாம்பு?"

"காபூன் விரியன். ஆப்பிரிக்காப் பாம்பு. என் முழங்கைப் பருமன் இருக்கும். காஞ்ச இலைக்குள்ள படுத்துக்கும். நாள் கணக்கா அசையாது. இலை எது, பாம்பு எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இருந்தாலும் இல்லாத மாதிரியே இருக்கும்."

"அப்ப உள்ள இருக்கா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"கையை விட்டாத் தெரியும்."

இப்படி ஒரு பதில் என் வாயிலிருந்து வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அந்த நிமிஷத்தில் என் மீதே எனக்கு ஒரு மரியாதை வந்தது.

உங்களுக்குப் புரிந்திருக்கும். இலை இருக்கும். கண்ணாடிக் கூண்டு இருக்கும். பாம்பு இருக்காது. யார் வந்து கையை விட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

மறுநாளே ஏற்பாடுகள் தொடங்கின. ஒழுகுகிற மீன்தொட்டி ஒன்றை ஹார்ம் தள்ளிக்கொண்டு வந்தான். அதில் அவன் வீட்டு மரத்துச் சருகுகளைக் கொட்டினோம். மேலே சூடு கொடுக்கிற விளக்கு. அதன் கீழே கால் நீட்டினால் இதமாக இருக்கிற மாதிரி என் சோபா. பாம்பு பிடிக்கிற கொக்கி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினேன். பீர்ப் பெட்டிக்குப் 'பாம்புத் தண்ணீர்' என்று பெயர் வைத்தேன்.

ஹார்ம் தொட்டிக்குள் குனிந்து பார்த்தான். "எல்லாம் சரி, பாம்பு எங்கய்யா?"

"உள்ளதான் இருக்கு."

அவன் துள்ளிக்குதித்து சோபா மேல் ஏறிவிட்டான்.

"இல்லை, இல்லை, இறங்கு. சும்மா சொன்னேன்."

"அடப்பாவி!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இவ்வளவு மூளையை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் படகுல டிக்கெட் கிழிச்சுக்கிட்டிருந்த?"

நல்ல கேள்விதான் என்று எனக்கும் தோன்றியது. சோபாவில் சாய்ந்தேன். விளக்குச் சூடு பாதத்தில் பட்டது. ரேடியோவைப் போடக் கை நீட்டினேன். வெளியே சைக்கிள் மணி அடித்தது. ஃபென்னா மாவட்ட அலுவலகத்திலிருந்து திரும்பியிருந்தாள்.

"பேர் குடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள் வாசலில் நின்றபடியே.

"எதுக்கு?"

"பயிற்சிக்கு. நீ சட்டம்னு சொன்னியா, போய்க் கேட்டேன். நீ சொன்னது சரிதான் ஓக்கோ. தேர்வு பாஸ் பண்ணாதவங்க அந்த அறைக்குள்ள காலே வைக்கக் கூடாதாம். அப்புறம், ஒருத்தரா வளக்கவும் கூடாதாம். ஒருத்தர் கூண்டைத் திறக்கும்போது வீட்டுல இன்னொருத்தர் விவரம் தெரிஞ்சவங்க முழிச்சுக்கிட்டு இருக்கணுமாம். கடிச்சிட்டா போன் பண்ண ஆள் வேணும்ல? அதனால ரெண்டு பேருக்கும் சேத்துப் பதிஞ்சுட்டேன்."

"ரெண்டு பேருக்குமா?"

"நீ சாகும்போது நான் பக்கத்துல இருக்க வேண்டாமா?"

முடியாது என்றால் குட்டு உடைந்துவிடும். சரி என்றால் உயிர் போய்விடும். சரி என்றேன்.

பயிற்சி ஒரு பழைய விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. நடத்தியவர் டோம்மா என்கிற பெண்மணி. அவருக்கு இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருந்தது. என்னால் அதைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

"அது... பாம்பா?" என்று கேட்டேன்.

"ரொட்டி வெட்டுற மெஷின்" என்றார். "பாம்பு ஒண்ணும் பண்ணாது. நாமதான் அவசரப்படுவோம்."

அவர் முன்னால் ஒரு பெரிய வாளி. மூடி போட்டிருந்தது. உள்ளே பயிற்சிப் பாம்பு. சாரை வகை, விஷமே கிடையாது. ஆனால் பாம்புக்காரர்கள் மத்தியில் ஒரு வழக்கம் இருக்கிறது. விஷமில்லாத பாம்பை விஷப் பாம்பு என்று நினைத்துத்தான் பழக வேண்டும். அது உங்களைத் தொட்டுவிட்டால் நீங்கள் செத்ததாகக் கணக்கு. செத்தவர் தரையில் படுத்துவிட வேண்டும். கூட வந்த இரண்டாவது ஆள் அவரைக் காப்பாற்றிப் பழக வேண்டும்.

டோம்மா வாளி மூடியைத் திறந்தார். நான் தரையில் படுத்துவிட்டேன்.

"ஐயா, அது இன்னும் வெளியவே வரலை."

"எப்படியும் சாகத்தானே போறேன்" என்றேன். "எதுக்குங்க தள்ளிப் போடணும்?"

கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். கொக்கியைக் கொடுத்தார்கள். பாம்பு தலையைத் தூக்கியது. கொக்கி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். பாம்பு நிதானமாக வந்து என் பூட்ஸ் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. மறுபடியும் செத்தேன். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்துக்குள் நான் செத்த அளவுக்கு எந்தப் போரிலும் எவரும் செத்திருக்க மாட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஃபென்னா என்னை ஒவ்வொரு தடவையும் காப்பாற்றினாள். என் மோதிரத்தைக் கழற்றினாள். கடிகாரத்தைக் கழற்றினாள். போனில் பாம்பின் பெயரைத் தெளிவாகச் சொன்னாள். பிறகு என் தோளில் கை வைத்து, "ஓக்கோ, அசையாதே, அப்படியே படுத்திரு" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைச் சும்மா படுத்திருக்கச் சொன்னது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டோம்மா அதை விஷத்தின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டு, நன்றாகச் செய்கிறேன் என்று பாராட்டினார்.

பிறகு ஃபென்னாவின் முறை வந்தது. கொக்கியை வாங்கினாள். "வா வா, இங்க என்ன வேலை உனக்கு? நேரமாச்சு, கிளம்பு" என்று பாம்பிடம் பேசினாள். என்னிடம் பேசுகிற அதே குரல். அந்தக் குரலுக்கு நான் கட்டுப்படும்போது பாம்பு எம்மாத்திரம்? கொக்கியில் தொங்கிக்கொண்டு மரியாதையாக வாளிக்குள் போனது. மூடியைப் போட்டு, கையைத் தட்டிக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்றாள்.

மாலையில் முடிவு சொன்னார்கள். ஃபென்னா தேறிவிட்டாள்.

"நான்?" என்றேன்.

டோம்மா கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்கும் ஒரு சான்றிதழ் தரலாம். இரண்டாவது ஆள்."

"இரண்டாவது ஆள் என்ன செய்யணும்?" என்றேன்.

"கதவுக்கு வெளியில உக்காந்திருக்கணும். தூங்கக் கூடாது."

வீட்டுக்கு வந்த கையோடு ஃபென்னா வேலையைத் தொடங்கிவிட்டாள். பின்னறைக் கதவடியில் இருந்த இடைவெளியை அடைத்தாள். புதுப் பூட்டு வைத்தாள். கதவில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை மாட்டினாள்: 'விஷப் பாம்பு. ஃபென்னாவைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை.'

"என் சோபா உள்ளே இருக்கு" என்றேன்.

"எடுத்துக்கோ. ஆனா நீ உள்ளே வரக் கூடாது. சட்டம்."

ஒரு நாள் பகலில் ஃபென்னா டோம்மாவின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். கையில் மரப்பெட்டி. பக்கமெல்லாம் காற்றுத் துளை. மேலே துணி. "தள்ளி நில்லு" என்றாள். நான் தள்ளி நிற்கவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்றேன். பெட்டி என்னைத் தாண்டிப் பின்னறைக்குள் போனது. கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ரேடியோ சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், "கூண்டைத் திறக்கப் போறேன். முழிச்சிரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். நான் கதவுக்கு வெளியே, சமையலறை முக்காலியில், கையில் போனுடன் உட்கார்ந்திருப்பேன். என் வாழ்நாளில் அவ்வளவு கடினமான முக்காலியில் உட்கார்ந்ததில்லை. உள்ளே என் சோபாவின் ஸ்பிரிங் முனகுவது கேட்கும். ஆப்பிள் கேக் வாசனை வரும். சில நாள் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும்.

"ஃபென்னா! என்ன சத்தம் அது?"

"சீறுது."

"கோபமா இருக்கா?"

"இல்லை, இல்லை. குளிர்ச்சியா இருக்கு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹார்ம் தெருவில் பந்து உருட்டுகிற ஆட்டத்துக்குக் கூப்பிட வந்தான். ஊரே தள்ளுவண்டியும் பாட்டிலுமாகக் கிளம்பியிருந்தது.

"வர முடியாது. ட்யூட்டி" என்றேன். "உள்ளே கூண்டு திறந்திருக்கு."

"யோவ், கூண்டுல நாமதானே இலை போட்டோம்? பாம்பு ஏது?"

"பெட்டியில வந்துச்சு."

"நீ பாத்தியா?"

"காபூன் விரியனைப் பாக்க முடியாது ஹார்ம். அது இருந்தாலும் இல்லாத மாதிரியே..."

"டேய்! அது நீ விட்ட கதைடா!"

அவன் போய்விட்டான். நான் முக்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க ரத்தம் சூடானது. பாம்பு வைத்திருக்கிறவர்கள் வீட்டு ஃப்ரீசரில் எலி இருக்கும், உறைந்த எலி. புத்தகத்திலேயே போட்டிருந்தது. நேரே போய் எங்கள் ஃப்ரீசரைத் திறந்தேன். பட்டாணி இருந்தது. ரொட்டி இருந்தது. ஒரு வால்கூட இல்லை.

டீ நேரத்துக்காகக் காத்திருந்தேன். முதல் கோப்பை முடிந்ததும் ஆரம்பித்தேன்.

"ஃப்ரீசர்ல எலி இல்லை ஃபென்னா."

"இல்லை."

"அப்ப பாம்பு என்ன தின்னுது?"

"எந்தப் பாம்பு?"

நான் இதற்கு வேறு வசனங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். எதுவும் பொருந்தவில்லை.

"பின்னறையில இருக்கிற பாம்பு!"

"பின்னறையில பாம்பு இல்லை ஓக்கோ. சத்தியமா இல்லை. பெட்டியில வந்தது டோம்மா தோட்டத்து ஆப்பிள்."

"பெட்டியில காத்துத் துளை இருந்துச்சே?"

"ஆப்பிள் அழுகாம இருக்க வேண்டாமா?"

"அப்ப அந்தச் சீறல்?"

"உன் பீர்."

"எல்லாம் நாடகமா? எப்பத் தெரியும் உனக்கு, நான்... வந்து... பாம்பு வாங்கப் போறதில்லைன்னு?"

"படத்தை மூடி வச்சுட்டுப் பாம்புப் புத்தகம் படிச்சியே, அன்னைக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஏப்ரனிலிருந்து சாவியை எடுத்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இந்தா. போய் உக்காந்துக்கோ. சோபா அப்படியே இருக்கு. ரேடியோவும் இருக்கு. எனக்கும் தினம் ஆப்பிள் கேக் அலுத்துப்போச்சு."

சாவியை எடுத்தேன். எழுந்தேன். சமையலறையிலிருந்து பின்னறை வரை நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜெயித்துவிட்டேன்! முதல் தடவையாகக் கரண்டி போடாமல் எழுந்து வந்திருக்கிறேன்! பூட்டில் சாவியைப் போட்டேன். திருப்பினேன். கதவு ஒரு விரற்கடை திறந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தொட்டி தெரிந்தது. தொட்டிக்குள் சருகு. ஒரே சருகு.

சருகு மட்டும்தானா?

கை நின்றுவிட்டது. சத்தியமாக இல்லை என்கிறாள். இருந்தால் சாவியைக் கொடுப்பாளா? ஆனால் இவ்வளவு சுலபமாக எந்தக் காலத்தில் எனக்கு எதைக் கொடுத்திருக்கிறாள்? அந்த மூலைச் சருகு மற்றதைவிடக் கொஞ்சம் தடிமனாகத் தெரியவில்லை? நாங்கள் கொட்டியபோதும் அப்படித்தான் இருந்ததா? அது அசையவில்லை. அசையாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாள் கணக்காக அசையாது என்று ஊரெல்லாம் சொன்னவனே நான்தானே.

"ஃபென்னா!" என்று கூப்பிட்டேன். "உள்ளே நிஜமா எதுவும் இல்லையே?"

"இல்லைன்னு சொன்னேனே."

"நிச்சயமாத் தெரியுமா?"

"அதுல என்ன கஷ்டம்?" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. "கையை விட்டாத் தெரியும்."

கதவைச் சாத்தினேன். இரண்டு சுற்றுப் பூட்டினேன். திரும்பி வந்து, சாவியை அவள் பக்கம் தள்ளி, கரண்டியை என் கோப்பைக்குள் போட்டேன்.

ஃபென்னா மீதி டீயை ஆற அமரக் குடித்தாள். சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சோபா ஸ்பிரிங் முனகியது. ரேடியோவில் கால்பந்து வர்ணனை ஆரம்பித்தது. பிறகு அந்த 'ஸ்ஸ்ஸ்'.

"ஓக்கோ, முழிச்சிருக்கியா?"

முக்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"இருக்கேன்" என்றேன்.